சிவப்பு பல்பு போட்டால் கோழி சீக்கிரம் முட்டைக்கு வருமா?

ராசிபுரம் பக்கம் 6,000 கோழி, இப்போது 13 வாரம், சுற்றிலும் கம்பி வலை போட்ட திறந்த கூண்டு ஷெட் என்று எழுதியிருக்கிறீர்கள். பல்பு விற்க வந்தவர், "இத்தனை நாள் பச்சை வெளிச்சத்தில் வளர்த்திருக்க வேண்டும், போனது போகட்டும், இன்றிலிருந்து சிவப்பு போடுங்கள், இரண்டு வாரம் முன்னாலேயே முட்டை வரும்" என்று சொல்லி 40 சிவப்பு எல்இடி பல்புகளைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். எந்த நேரத்தில், எத்தனை மணி நேரம் எரிய விட வேண்டும் என்று கேட்கிறீர்கள். கேள்வி பல்பைப் பற்றி இருந்தாலும் உள்ளே இருக்கும் கேள்வி வேறு: முட்டை வரும் நாளைக் காசு கொடுத்து முன்னால் இழுக்க முடியுமா, இழுத்தால் லாபமா? முதல் பாதிக்குப் பதில், ஓரளவு முடியும், ஆனால் உங்கள் ஷெட்டில் அதைச் செய்வது பல்பின் நிறம் அல்ல, எரியும் மணி நேரம். இரண்டாம் பாதிக்குப் பதில், பெரும்பாலும் நஷ்டம்.

பல்புக்காரர் சொன்ன விஷயத்தில் உண்மை இருக்கிறது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் கால்நடை மருத்துவம் படித்துவிட்டு நாமக்கல் வட்டாரப் பண்ணைகளில் இருபது வருஷத்துக்கு மேல் சுற்றுகிறவன். என் அனுபவம் பெரும்பாலும் திறந்த லேயர் (முட்டைக் கோழி) ஷெட்டில்தான். முழுக்க இருட்டடைத்த பிரீடர் (குஞ்சுக்காக வளர்க்கும் தாய்க்கோழி) ஷெட்டுகளைக் கையளவுதான் பார்த்திருக்கிறேன், அதனால் அந்த வகை ஷெட் பற்றி நான் சொல்வதில் படித்தது அதிகம், பார்த்தது குறைவு என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

பறவைகளுக்கு வெளிச்சம் கண் வழியாக மட்டும் போவதில்லை. 1930-களில் பிரான்சில் ஜாக் பெனுவா என்ற விஞ்ஞானி வாத்துகளை வைத்துப் பார்த்தார். கண் இல்லாத வாத்துக்கும் நீண்ட பகல் கொடுத்தால் ஆண் வாத்தின் விதைகள் (விந்தகம்) பெருத்தன. குவார்ட்ஸ் கண்ணாடிக் குச்சி வழியாக மூளையின் அடிப்பகுதிக்கே வெளிச்சத்தைச் செலுத்தியபோதும் அதேதான் நடந்தது. பிறகு அமெரிக்காவில் மைக்கேல் மெனேக்கரும் கூட இருந்தவர்களும் 1970-இல் சிட்டுக்குருவிகளின் தலைத்தோலுக்கு அடியில் கறுப்பு மையை ஏற்றினார்கள். கண் நன்றாகத் தெரிகிற அந்தக் குருவிகளுக்கு, மற்றக் குருவிகளுக்கு விதை வளரப் போதுமான மங்கல் வெளிச்சத்திலும் விதை வளரவில்லை. தலை இறகைப் பிடுங்கிய குருவிகளுக்கு எதிர்மாறாக, வெளிச்சத்தின் வேலை கூடியது. ஆக, "பகல் நீண்டுவிட்டது, குஞ்சு பொரிக்கும் காலம் வந்துவிட்டது" என்று பறவையின் உடம்புக்குச் சொல்வது மண்டைக்குள்ளே, மூளையின் அடியிலுள்ள ஹைப்போதலாமஸ் பகுதியில் இருக்கும் ஒளி உணரும் செல்கள். கண் இரை தேடுவதற்கு, எதிரியைப் பார்ப்பதற்கு. இனப்பெருக்கக் காலண்டர் மண்டைக்குள் மாட்டியிருக்கிறது.

சிவப்புக்கு என்ன விசேஷம் என்பது இங்கேதான் வருகிறது. ராத்திரி இருட்டில் போன் டார்ச்சை எரியவிட்டு அதன்மேல் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், விரல் இடுக்கெல்லாம் சிவப்பாகத் தெரியும். டார்ச் வெள்ளைதான், ஆனால் நீலத்தையும் பச்சையையும் சதையும் ரத்தமும் குடித்துவிட, சிவப்பு மட்டும் தாண்டி வருகிறது. கோழியின் இறகு, தோல், மண்டையோடு, மூளைச் சதை எல்லாம் தாண்டி அந்தச் செல்களுக்குப் போய்ச் சேர்வதிலும் சிவப்புதான் முந்துகிறது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஃபாஸ்டரும் ஃபாலெட்டும் 1985-இல் ஜப்பானியக் காடையில் அளந்து கணக்குப் போட்டபோது, அந்த உள் செல்களுக்கு மிகவும் பிடித்த வெளிச்சம் 492 நானோமீட்டர் அலைநீளம், அதாவது நீலப்பச்சை என்று வந்தது! சிவப்பு அவற்றுக்குப் பிடித்த நிறமே இல்லை, வீடு வரைக்கும் வந்து சேர்கிற நிறம், அவ்வளவுதான். இதை நினைவில் வைத்துக்கொண்டால் பின்னால் நான் சொல்லப்போவது எளிதாகப் புரியும், ஏனென்றால் வெளிச்சம் போதுமான அளவு பலமாக இருந்தால் பச்சையும் உள்ளே போய்ச் சேரும் என்பது இதிலிருந்தே தெரிகிறது.

அங்கே போய்ச் சேர்ந்த பிறகு நடப்பதை ஜப்பானில் நாகோயா பல்கலைக்கழகத்தின் யோஷிமுரா குழு காடையில் படிப்படியாகப் பிரித்துக் காட்டியது. நீண்ட பகல் என்று தெரிந்ததும் மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியின் ஒரு ஓரத்தில் டிஎஸ்ஹெச் என்ற ஹார்மோன் சுரக்கிறது, அது பக்கத்து மூளைப் பகுதியில் தைராய்டு ஹார்மோனை வேலை செய்யும் வடிவத்துக்கு மாற்றுகிறது, அதன் தூண்டுதலில் ஜிஎன்ஆர்ஹெச், அடுத்து எல்ஹெச், எஃப்எஸ்ஹெச் என்று இனப்பெருக்க ஹார்மோன்களின் சங்கிலி இறங்கிச் சூலகத்துக்கு வருகிறது. வெளியே நமக்குத் தெரிவது கொண்டை சிவந்து பெருப்பதும், பின்பக்கத்து இரண்டு எலும்புக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி விழுவதும்தான். ஒரு மஞ்சள் கரு வேகமாகப் பெருத்து முழு அளவுக்கு வரவே ஏழு முதல் பத்து நாள் ஆகும். அதனால் வெளிச்சத்தைக் கூட்டிய மறுநாள் முட்டை எதிர்பார்க்கக் கூடாது, தயாராக இருக்கிற கோழிக்கே இரண்டு மூன்று வாரம் பிடிக்கும்.

பச்சை கதைக்கு வருவோம். இஸ்ரேலில் ரோசன்பாய்ம் என்பவரின் குழு பச்சை வெளிச்சத்தில் பல வருஷம் வேலை செய்திருக்கிறது. பிராய்லர் குஞ்சுகள் பச்சையில் நன்றாக எடை போடுகின்றன என்று காட்டினார்கள். அதோடு பிரீடர் கோழிகளில், கண்ணின் விழித்திரை வழியாகப் போகும் பச்சை வெளிச்சம் இனப்பெருக்கத்துக்கு பிரேக் போடுகிறது, மண்டை வழியாகப் போகும் சிவப்பு ஆக்சிலரேட்டர் மிதிக்கிறது என்று ஒரு விளக்கமும் கொடுத்தார்கள். கனடாவில் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் பேடகரா குழு 2014-இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. 'ஸ்மோக்கி ஜோ' என்று ஒரு கோழி வம்சம் இருக்கிறது, அதில் சில பிறவிக் குருடு, சில நல்ல பார்வை. இரண்டையும் வெள்ளை, சிவப்பு, பச்சை என்று தனித்தனியாக வைத்துப் பார்த்தார்கள். கண் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் சிவப்பு இருந்த வெளிச்சத்தில் கோழிகள் முட்டைக்கு வந்தன, பச்சையில் தாமதமாயின. கண் இல்லாமலேயே சிவப்பு வேலை செய்கிறது என்பதற்கு இதைவிட நேரான சாட்சி வேண்டாம்.

சரி, எது உறுதி, எது இழுபறி? மண்டைக்குள் ஒளி உணரும் செல்கள் இருப்பது உறுதி. அவற்றுக்கு சிவப்பு எளிதில் போய்ச் சேர்வது உறுதி. வேறு வெளிச்சமே இல்லாத அறையில், மங்கலான அளவில், பச்சையோ நீலமோ மட்டும் கொடுத்தால் சிவப்போடு ஒப்பிடும்போது பருவம் பின்தங்கும் என்பதும் ஏறக்குறைய உறுதி. எத்தனை நாள் முந்தும் என்பதில்தான் ஆய்வுக்கு ஆய்வு வித்தியாசம். பச்சை தானாகவே பிரேக் போடுகிறதா, அல்லது உள்ளே போகாததால் ஆக்சிலரேட்டர் அழுத்தப்படாமல் இருக்கிறதா என்பதும் இன்னும் முழுசாகத் தீர்ந்த வழக்கு இல்லை. இன்னொரு பக்கம், நீலம், பச்சையில் இருந்த கோழிகள் கொஞ்சம் பெரிய முட்டை இட்டதாகவும் ஆய்வு உண்டு. பெருமுட்டைக்குத் தனி விலை இருக்கிற ஊரில் அதுவும் கணக்குதானே.

ஆய்வுகள் முரண்படுவதற்கு ஒரு காரணம் எளிமையானது, ஆனால் பல்பு விற்பவர்கள் சொல்ல மாட்டார்கள். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளக்கும் லக்ஸ் மீட்டர் மனிதக் கண்ணுக்காகச் செய்த கருவி. நம் கண்ணுக்கு 555 நானோமீட்டர் பச்சைதான் மிகப் பிரகாசம். 650 நானோமீட்டர் சிவப்பு அதில் பத்தில் ஒரு பங்குதான் தெரியும். ஆகவே மீட்டரில் பச்சையும் சிவப்பும் ஒரே 10 லக்ஸ் காட்டினால், உண்மையில் சிவப்பு பல்பு ஏறத்தாழ பத்து மடங்கு ஒளித்துகள்களைக் கொட்டுகிறது என்று அர்த்தம். ஒரு கோழிக்கு ஒரு படி தீவனமும் இன்னொன்றுக்குப் பத்துப் படியும் போட்டுவிட்டு, "பார், இந்த இனம் நன்றாக எடை போடுகிறது" என்பது மாதிரி. நல்ல ஆய்வகங்கள் இதைச் சரிக்கட்டிச் செய்கின்றன, எல்லோரும் செய்வதில்லை. அதோடு கோழிக்கு நிறம் பார்க்கும் கூம்புச் செல் நான்கு வகை, நமக்கு மூன்று. புற ஊதாவின் ஓரம் வரை அதற்குத் தெரியும். நமக்கு மங்கலாகத் தெரிவது அதற்கும் மங்கல் என்று சொல்ல முடியாது. "சிவப்பு கோழிக்குத் தெரியாது" என்று ஒரு பேச்சு உலவுகிறதே, அது தவறு, நன்றாகவே தெரியும். நீலத்தில்தான் அது தடுமாறும், கோழி பிடிக்கும்போது நீல பல்பு போடுவது அதனால்தான்.

இப்போது உங்கள் ஷெட்டுக்கு வருகிறேன். மேலே சொன்ன நிறத்தை ஒப்பிட்ட சோதனைகளில் பறவைக்கு விளக்கு வெளிச்சத்தைத் தவிர வேறு வெளிச்சம் கிடையாது. உங்கள் ஷெட்டிலோ காலையிலிருந்து சாயங்காலம் வரை சூரியன் இருக்கிறது. நடுப்பகலில் வெட்டவெளியில் லட்சம் லக்ஸ், திறந்த ஷெட்டுக்குள் நூற்றுக்கணக்கில் தொடங்கிப் பக்கவாட்டுக் கூண்டுகளில் ஆயிரக்கணக்கில் போகும். சூரிய ஒளியில் எல்லா நிறமும் உண்டு, சிவப்பும் தாராளமாக உண்டு. உங்கள் 40 பல்பும் சேர்ந்து கூண்டு மட்டத்தில் கொடுக்கப்போவது பத்து, இருபது லக்ஸ். பகலில் அதை எரிய விடுவது மேட்டூர் அணையில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுகிற மாதிரி. பச்சையில் வளர்த்திருக்க வேண்டும் என்று அவர் சொன்னதற்கும் இதே பதில்தான், பகல் முழுக்க சூரியனில் நிற்கும் கோழிக்கு ராத்திரி ஒரு மணி நேரப் பச்சை பிரேக் போடாது.

நிறம் கொஞ்சமாவது பேசக்கூடியது விடியலுக்கு முன்னும் அந்திக்குப் பின்னும் நாம் கூட்டிக் கொடுக்கிற நேரத்தில்தான். அந்த நேரத்தில்கூட, சாதாரண மஞ்சள் சாயல் வெள்ளை பல்பிலேயே தேவையான சிவப்பு இருக்கிறது. அதனால் உங்களுக்கு முக்கியம் மணிக்கணக்கு. நாமக்கல், ராசிபுரம் அட்சரேகையில் மார்கழியில் பகல் சுமார் பதினொன்றரை மணி, ஆனியில் பன்னிரண்டே முக்கால் மணி. ஐரோப்பாவில் மாதிரி எட்டுக்கும் பதினாறுக்கும் ஊசலாடுவதில்லை. இருந்தாலும் விடியற்கால, அந்தி மங்கல் வெளிச்சத்தையும் கோழி பகலோடு சேர்த்துக்கொள்ளும், பக்கத்துக்கு இருபது நிமிஷம் வைத்துக்கொள்ளுங்கள். இப்போது தை மாதம், உங்கள் கோழிகளுக்குப் பகல் தானாகவே தினம் கொஞ்சம் கொஞ்சமாக நீள்கிறது. அந்த மெதுவான நீட்டிப்பே ஒரு தூண்டுதல்தான். அதன்மேல் 13 வாரத்திலேயே பல்பையும் போட்டு மூன்று நான்கு மணி நேரம் கூட்டினால், ஆமாம், முட்டை சீக்கிரம் வரும். பல்பு சிவப்பாக இருந்தாலும் வரும், வெள்ளையாக இருந்தாலும் வரும்.

அப்படி வந்த ஒரு மந்தையைப் பார்த்திருக்கிறேன். பண்ணை பேர் வேண்டாம். 13 வாரத்தில் ஒரே தாவலாக 16 மணி நேரம் வெளிச்சம் கொடுத்துவிட்டார்கள், அதுவும் சிவப்பு பல்புதான். 16 வாரம் முடிவதற்குள் ஆங்காங்கே முட்டை, முதலாளி எல்லோருக்கும் போன் போட்டு சந்தோஷப்பட்டார். முட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தால் கோலிக்குண்டுக்கு அண்ணன் மாதிரி இருந்தது. வியாபாரி சின்ன முட்டைக்குப் பிடித்த பிடித்தத்தில் முதல் மாத வரவு கரைந்தது. இடுப்பு விரியாத குட்டிக் கோழி முக்கி முட்டை போட்டதில் பின்பக்கம் வெளியே தள்ளியது, சிவப்பைப் பார்த்ததும் பக்கத்துக் கோழிகள் கொத்தின, தினம் காலையில் செத்த கோழி பொறுக்குவது ஒரு வேலையாகிவிட்டது. அந்த மந்தை கடைசிவரை எடை தேறவில்லை, உச்ச உற்பத்தியும் நிற்கவில்லை, சட்டென்று இறங்கியது. அவர் கடைசிவரை குற்றம் சொன்னது பல்பை. பல்பு பாவம், அது சொன்ன நேரத்துக்கு எரிந்தது.

இதற்கு நேர் எதிரான கதையும் உண்டு. ஒரே பண்ணையில் அடுத்தடுத்து இரண்டு ஷெட், ஒன்றில் சிவப்பு, ஒன்றில் வெள்ளை. சிவப்பு ஷெட் ஒன்பது நாள் முன்னால் முட்டைக்கு வந்தது என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். நான் எடைப் புத்தகத்தைக் கேட்டேன். சிவப்பு ஷெட் கோழிகள் சராசரியாக 80 கிராம் அதிகம், ஏனென்றால் அந்த ஷெட்டில்தான் தண்ணீர் நிப்பிள் புதுசு, நன்றாகக் குடித்து நன்றாகத் தின்றிருந்தன. எடை வந்த கோழி முட்டைக்கு வரும், நிறம் எதுவாக இருந்தாலும். இந்த மாதிரி ஒப்பீட்டைப் பார்த்து ஊரெல்லாம் சிவப்பு பல்பு வாங்கினால் யாரைச் சொல்வது?

உங்கள் மந்தைக்கு நான் செய்வது இதுதான். 16 வாரம் வரை கூடுதல் விளக்கே வேண்டாம், இயற்கைப் பகலே போதும். 15-ஆம் வாரத்திலிருந்து வாரம் ஒரு முறை, ஒரே நாளில், ஒரே நேரத்தில், ஷெட்டின் பல இடங்களிலிருந்து நூறு கோழியை எடுத்து எடை போடுங்கள். சராசரியை மட்டும் பார்க்காதீர்கள், நூறில் குறைந்தது எண்பது கோழி சராசரிக்குப் பத்து சதவீதம் முன்பின்னுக்குள் இருக்க வேண்டும். வெள்ளை லேயர் என்றால் ஏறத்தாழ 1,200 முதல் 1,250 கிராம் வந்த பிறகுதான் முதல் முறையாகப் பல்பைப் போட வேண்டும், துல்லியமான எண் உங்கள் இனத்தின் கையேட்டில் இருக்கும், அதையே பிடித்துக்கொள்ளுங்கள். எடை வரவில்லை என்றால் 18 வாரம் ஆனாலும் காத்திருங்கள். வந்ததும் மொத்தப் பகலை 13 மணி நேரம் ஆக்கி, பிறகு வாரம் அரை மணி நேரமாகக் கூட்டி 16 மணி நேரத்தில் நிறுத்துங்கள். கூட்டுவதில் பெரும்பகுதியை விடியலுக்கு முன்னால் வையுங்கள், பங்குனி, சித்திரை வெயிலில் கோழி குளிர்ந்த நேரத்தில்தான் தீவனம் எடுக்கும். முட்டை தொடங்கிய பிறகு எந்தக் காரணத்துக்கும் மணி நேரத்தைக் குறைக்காதீர்கள். குறைந்தால் கோழி, பகல் சுருங்கும் ஐப்பசி வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு இறகு உதிர்க்கத் தயாராகும். இதில் எல்லோரும் கோட்டை விடுவது டைமரில். பழைய சுற்று டைமர் கரண்ட் போனால் நின்று, வந்தால் விட்ட இடத்திலிருந்து ஓடும். தினம் அரை மணி மின்வெட்டு என்றால் ஒரு வாரத்தில் மூன்றரை மணி நேரம் பின்தங்கிவிடும். தீவனத்தை மாற்றி, மருந்தை மாற்றி, கடைசியில் டைமர் என்று கண்டுபிடித்த பண்ணைகள் ஒன்றிரண்டு இல்லை. பேட்டரி உள்ள டிஜிட்டல் டைமருக்கு ஆகும் செலவு அந்த 40 பல்பைவிடக் குறைவாகத்தான் இருந்திருக்கும்.

பல்பு வாங்குவதானால் கடையில் வார்ம் ஒயிட் என்று கேளுங்கள், அட்டையில் 2700 அல்லது 3000 கெல்வின் என்று (வெளிச்சத்தின் சாயலைக் குறிக்கும் எண்) போட்டிருக்கும். நம் தாத்தா காலத்துக் குண்டு பல்பு கரண்டைத் தின்றாலும் அதன் வெளிச்சத்தில் சிவப்பு நிறைய இருந்தது. பலர் அதைக் கழற்றிவிட்டு 6500 கெல்வின் பளிச் வெள்ளை எல்இடி போட்டார்கள், அதில் நீலம் தூக்கல், சிவப்பு குறைவு. "எல்இடி போட்டதும் முட்டை குறைந்தது" என்ற புகாரில் சிலவற்றுக்கு இது ஒரு காரணமாக இருக்கலாம், ஆனால் நான் நேரில் போய்ப் பார்த்தவற்றில் பாதிக்கு மேல் பல்பில் படிந்த தீவனத் தூசுதான் காரணம், துணி எடுத்துத் துடைத்ததும் லக்ஸ் ஏறியது. பளிச் வெள்ளை பல்புக்கு சிவப்புத் தாள் சுற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். அந்த பல்பில் ஆழ்ந்த சிவப்பே கொஞ்சம்தான் இருப்பதால், தாள் தடுத்தது போக மிஞ்சுவது இருட்டுதான்.

முழுக்க மூடிய, மின்விசிறியும் கூலிங் பேடும் வைத்த ஷெட் கட்டுகிற எண்ணம் உங்களுக்குப் பின்னால் இருந்தால் கதை மாறும். அங்கே சூரியன் இல்லை, விளக்குதான் சூரியன், அதனால் வளர்பருவத்தில் பச்சை, முட்டைப் பருவத்தில் சிவப்பு தூக்கலான வெளிச்சம் என்பதற்கு அர்த்தம் உண்டு. அப்போது மணி நேரம், லக்ஸ், நிறம் மூன்றையும் சேர்த்து யோசிக்க வேண்டும், அது தனிப் பதிலாகும்.

வாங்கின 40 பல்பைத் தூக்கிப் போட வேண்டாம். எடை வந்து வெளிச்சம் கூட்டும்போது அவற்றையே விடியற்காலை நேரத்துக்குப் போடலாம், கெடுதல் ஒன்றும் இல்லை. கூண்டு மட்டத்தில் கோழியின் தலை உயரத்தில் வெளிச்சம் போதுமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், லக்ஸ் மீட்டர் சிவப்பைக் குறைத்துக் காட்டும் என்பதால் தீவனத் தொட்டியில் தீவனம் தெளிவாகத் தெரிகிறதா, கோழி எழுந்து வந்து தின்கிறதா என்பதையே அளவாக வைத்துக்கொள்ளலாம். இன்னொரு நல்ல பயனும் உண்டு. முட்டைக்கு வரும் நேரத்தில் சில வரிசைகளில் கொத்தும் பழக்கம் தொடங்கும். சிவப்பு வெளிச்சத்தில் ரத்தம் தனியாகத் தெரியாது, கொத்துவது குறையும். பகல் வெளிச்சம் எட்டாத நடு வரிசைகளில் பத்து இருபது பல்பை அதற்காக ஒதுக்குங்கள். 15-ஆம் வாரம் எடை போட்டுவிட்டு அந்த எண்களை இங்கேயே எழுதுங்கள், எப்போது முதல் விளக்கு போடலாம் என்று அதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.